ஐந்து வயது முடிவதற்குள்

மார்ச் 4, செவ்வாய்

காலை ஷிப்ட் முடிந்ததும் பஸ் டிரைவர் சீருடையோடு மருத்துவமனைக்கு ஓடினேன். என் மகள் சுண்டுவுக்கு ஆட்டிசம் என்று டாக்டரம்மா சொல்லி ஐந்து மாதம் ஆகிறது. பேச்சுப் பயிற்சிக்கு ஒன்று, கை கால் பயிற்சிக்கு ஒன்று, இரண்டு பரிந்துரைக் கடிதம் அன்றே அனுப்புவதாகச் சொன்னார். இதுவரை பேச்சு மூச்சில்லை.

கவுன்டர்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வரிசையில இருக்கும்மா. கூப்பிடுவாங்க" என்றார்.

"எத்தனாவது?"

"அதெல்லாம் சொல்ல முடியாது."

அடுத்த பஸ் எப்போது என்று கேட்பவரிடம் நான் இப்படிச் சொன்னால் விடுவார்களா?

மார்ச் 9, ஞாயிறு

என் வீட்டுக்காரரின் அக்கா, அண்ணி, வந்திருந்தார். "என் தம்பி இவன் வாயத் தொறக்கவே மூணு வயசாச்சு. இப்ப பேசலையா? நீதான் டாக்டர் டாக்டர்னு அலையறே." தம்பிக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவருக்கு அது ஒரு நல்ல சாக்கு.

சுண்டுவுக்கு வரும் ஜூனில் ஐந்து முடிகிறது, அண்ணி. இதை ஏன் வாய்விட்டுச் சொல்லவில்லை நான்?

மார்ச் 19, புதன்

சுண்டுவின் ஃபைலையே மூடிவிட்டார்களாம்!

நாற்பது நிமிடம் போனைக் காதில் வைத்திருந்த பிறகு கிடைத்த பதில். "ஜனவரியில வரச் சொல்லி கடிதம் போட்டோம். நீங்க வரல. வராதவங்க ஃபைலை மூடிடுவோம்."

"எந்த விலாசத்துக்குப் போட்டீங்க?"

போனில் பேசிய பெண் படித்தாள். இரண்டு வருடம் முன்பு காலி செய்த வீடு. விலாசம் மாறியதை மருத்துவமனையிலேயே எழுதிக் கொடுத்து, முத்திரை குத்திய நகல் வாங்கி வைத்திருக்கிறேனே! சொன்னேன். "அது எனக்குத் தெரியாதும்மா. புதுசா விண்ணப்பிச்சா கடைசியில சேர்ப்பாங்க." கடைசி என்றால்? ஒரு வருடத்துக்கு மேல். சின்னப் பிள்ளைகள் பிரிவில் ஐந்து வயது முடிந்தால் சேர்க்க மாட்டார்கள். பெரிய பிள்ளைகள் பிரிவில் இதைவிட நீளமான வரிசை.

மார்ச் 20, வியாழன்

டிப்போ கழிப்பறையில் பத்து நிமிடம் அழுதேன். முகம் கழுவினேன். வண்டியை எடுத்தேன். ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லை.

மார்ச் 22, சனி

அவரோடு சண்டை.

"சண்டை போட்டா வேலை நடக்குமா? கொஞ்சம் பொறு."

"இத்தனை நாள் பொறுத்ததுக்கு யாரு மாலை போட்டாங்க?"

சுவரைப் பார்த்துச் சொன்னார்: "பேப்பர்ல ஏறிட்டா அவ பேரோட அது ஒட்டிக்கும்."

ஓ, இதுதானா! ஐந்து மாதமாக இவர் வாயில் ஆட்டிசம் என்ற வார்த்தை வராதது இதனால்தானா. பேப்பரில் ஏறாவிட்டால் மட்டும் அவள் காதைப் பொத்திக்கொண்டு அலறுவது நின்றுவிடுமா? கேட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

லீவு போட்டேன். சீருடையை மட்டும் வேண்டுமென்றே மாட்டிக்கொண்டேன். சுண்டுவும் கூட. முத்திரை குத்திய நகலைக் கவுன்டரில் வைத்தேன்.

"மேலதிகாரி மீட்டிங்ல இருக்காங்க. முடிய சாயங்காலம் ஆகும்."

"ஆகட்டும். நாள் முழுக்க உக்காந்தே வேலை பார்க்கிறவ நான்."

"இதெல்லாம் முடியாதும்மா."

"அப்ப முடியாதுன்னு எழுதிக் குடுங்க. உங்க கையெழுத்தோட." பேனா யார் கையிலும் ஓடவில்லை.

பதினொரு மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. சுண்டு காதைப் பொத்திக்கொண்டு மேலதிகாரி அறை வாசலில் தரையில் விழுந்து கத்தினாள். "பிள்ளைய அடக்கத் தெரியல" என்று யாரோ சொன்னார்கள். தூக்கினால் இன்னும் கத்துவாள் என்று எனக்குத்தான் தெரியும். நானும் அவள் பக்கத்தில் தரையில் படுத்தேன். சீருடையோடுதான். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், போ!

மதியம் என் வீட்டுக்காரர் வந்தார். நான் கூப்பிடவில்லை. எங்களைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு சுண்டுவின் அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

மேலதிகாரி கதவைத் திறந்தபோது எங்கள் மூவரையும் தாண்டாமல் வெளியே போக வழியில்லை.

"ஏன் கீழ உக்காந்திருக்கீங்க?"

நான் வாயெடுப்பதற்குள் அவர் எழுந்தார். "எங்க பொண்ணுக்கு ஆட்டிசம். கடிதத்தைத் தப்பான வீட்டுக்கு அனுப்பினது நீங்க. அதுக்கு அவ வரிசையில பின்னாடி போக மாட்டா."

அந்த வார்த்தையையும் சேர்த்து முழுசாகச் சொல்லி முடித்தார்.

ஏப்ரல் 3, வியாழன்

ஃபைல் திறந்தாயிற்று, பழைய தேதியிலேயே. உள்ளே இருந்தது பேச்சுப் பயிற்சிக் கடிதம் மட்டும். இன்னொன்றை டாக்டரம்மா எழுதவே இல்லையாம். பாதியோடு போய்விடுவேன் என்று நினைத்தார்களோ?

ஏப்ரல் 11, வெள்ளி

டாக்டரம்மாவை நடைபாதையில் மறித்தேன். "மறந்துட்டேம்மா, மன்னிச்சுக்கோங்க" என்று சுவரில் வைத்தே எழுதினார். மன்னித்தேன். கடிதத்தை வாங்கிக்கொண்டுதான்.

மே 20, செவ்வாய்

முதல் வகுப்பு. பயிற்சி தரும் பெண் சுண்டுவிடம் 'பேசு' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஏழு பட அட்டைகள் கொடுத்தாள். தண்ணீர், வெளியே, வலிக்குது, இப்படி. "வார்த்தை வரும்போது வரட்டும். அதுவரைக்கும் அவ ஒண்ணுமே சொல்லக் கூடாதா என்ன?"

இரவு அவர் உட்கார்ந்து எல்லா அட்டையின் மூலையையும் வட்டமாகத் தேய்த்தார். பிள்ளை விரலில் குத்தக் கூடாதாம்.

ஜூன் 15, ஞாயிறு

அண்ணி வந்தார். சுண்டுவை மடியில் இழுத்து, தாடையைப் பிடித்து, "அத்தைன்னு சொல்லு. எங்க, அ...த்தை. சொன்னாத்தான் விடுவேன்." பத்து தடவை இருக்கும்.

சுண்டு கத்தவில்லை. நழுவி இறங்கினாள். அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த ஒரு அட்டையைப் பிய்த்துக்கொண்டு வந்து அண்ணியின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னடா இது?"

தம்பிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"'போதும்'னு சொல்றாக்கா. என் பொண்ணு சொன்னா கேட்டுக்கணும்."