அத்தனை பேர் முன்னால்

கோரிப்பாளையம்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே மாமாவும் மாமியும் சுகம். மாமிக்கு முழங்கால் வலி கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. அசீம் அண்ணன் ஞாயிறன்று ஷார்ஜா திரும்புகிறார். அவரிடம் மாமி நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்து அனுப்புகிறார்; அதோடு இதையும் வைக்கிறேன்.

போனில் 'கிடைக்கல' என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன். 'அதுக்கென்ன சனோபர், இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிருவோம்' என்று நீங்கள் உடனே சொல்லிவிட்டீர்கள். எனக்கு வேலை கிடைத்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் ஊருக்கே வந்துவிடுவதாகச் சொன்னவரும் நீங்கள்தான். அத்தனை சுலபமாகச் சொல்ல வந்ததே என்று எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. உங்கள் மேல் மட்டும் இல்லை.

பள்ளிக்கூடம் அலங்காநல்லூர் போகிற வழியில் இருக்கிறது. வயலுக்கு நடுவே கண்ணாடிக் கட்டடம். தமிழ் எடுக்க இரண்டு பேர் வேண்டுமாம். தனித்தனியாகக் கூப்பிடுவார்கள் என்று நினைத்துப் போனேன். எட்டுப் பேரையும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைத்து, பிள்ளைகள் கையில் செல்போன் என்று ஒரு தலைப்பைக் கொடுத்து, 'நீங்களே பேசிக்கங்க, நாங்க கவனிக்கிறோம்' என்றார் தாளாளர். கவனித்தார்கள், யார் குரல் பெரிது என்று. அருள்பாண்டி என்று ஒருவர். மைக் இல்லாத குறைதான். அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் இன்னொருவர் நுழைவார். யார் சொன்னதையும் யாரும் காதில் வாங்கவில்லை. வகுப்பில் பிள்ளைகள் இப்படிச் செய்தால் வெளியே நிறுத்துவோம். இங்கே அதைத்தான் தகுதி என்று குறித்துக்கொண்டார்கள்.

என் எதிரே தாமரைச்செல்வி என்று ஒரு பெண், பாலமேடு பக்கம். நம்ப மாட்டீர்கள், பேச அனுமதி கேட்டுக் கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் பார்க்கவில்லை. டியூஷன் எடுத்த பழக்கம், என்னை அறியாமல் 'நீங்க சொல்லுங்கம்மா' என்று அவளைக் காட்டிவிட்டேன். 'டீச்சர் இப்பவே வகுப்பெடுக்க ஆரம்பிச்சுட்டாங்கப்பா' என்றார் அருள்பாண்டி. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவள் பேசினாள். 'எங்க ஊர்ல வீட்டுக்கு ஒரு போனு. அதுவும் அம்மா களையெடுக்கப் போறப்ப கூடவே போயிரும். சாயந்தரம் அம்மா வந்தாத்தான் வீட்டுப்பாடம் என்னன்னே பிள்ளைக்குத் தெரியும். நாம இம்புட்டு நேரமா யாரு வீட்டுப் பிள்ளையப் பத்திப் பேசுறோம்?' என்று கேட்டாள். நான் சொல்ல வைத்திருந்ததைவிட அது நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு என்னுடையதை எடுக்கவே எனக்குத் தோன்றவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். கடைசியில் தாளாளர் என் பக்கம் திரும்பி, அத்தனை பேர் முன்னால், 'வீட்டுக்காரர் ஷார்ஜாவாம்மா? அப்ப விசா வந்தா நீங்களும் பறந்துருவீங்க. பாதி வருஷத்துல நான் யாரைத் தேடுறது?' என்றார். 'குடுத்து வச்சவங்க சார்' என்றார் அருள்பாண்டி. மறுபடியும் சிரிப்பு.

பதில் என்னிடம் இருந்தது. என் வீட்டுக்காரர் இங்கே வருவதற்காகத்தான் எனக்கு இந்த வேலை என்று ஒரே ஒரு வரி. நான் படித்த கதைகளில் எத்தனை பெண்கள் இப்படிப்பட்ட இடத்தில் சட்டென்று பேசிவிடுகிறார்கள்! எனக்கு வரவில்லை. நிக்காஹ் முடிந்த சூட்டோடு விமானம் ஏறிய உங்களைப் பற்றி, முன்பின் தெரியாதவர்களின் சிரிப்புக்கு நடுவே எடுத்து வைக்க மனம் ஒப்பவில்லை. 'அப்படியெல்லாம் இல்ல சார்' என்றேன். அது ஒரு பதிலா?

அருள்பாண்டிக்கும் தாமரைச்செல்விக்கும் வேலை என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'நீங்க இல்லேனா நான் வாயத் தொறந்திருக்கவே மாட்டேன்க்கா' என்று அழுதாள். அவளுக்குக் கிடைத்ததில் எனக்குக் குறையில்லை. ஆனாலும் வீடு வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தேன். உங்களிடம் பொய் சொல்வானேன்.

மாமி, 'அல்லாஹ் வேற நல்லதா நாடியிருப்பான்' என்கிறார். இருக்கலாம். வேறு இரண்டு பள்ளிகளுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். பதில் வர நாளாகும். உங்கள் கம்பெனியோ மாதக் கடைசிக்குள் கையெழுத்துக் கேட்கிறது.

மச்சான், அதைப் போடுவதற்கு முன் என்னைக் கூப்பிடுங்கள். மாமியின் போனில் வேண்டாம். ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு வீடே சுற்றி உட்கார்ந்துவிடுகிறது. என் போனில், தனியாக. நீங்கள் எதுவும் கேட்க வேண்டியதில்லை, நானே பேசுகிறேன். நடுவில் ஆறுதல் சொல்லாமல், நான் முடிக்கும்வரை கேளுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். அல்லாஹ் உங்களை எனக்குப் பத்திரமாகத் திருப்பித் தரட்டும்.

துஆவுடன்,
உங்கள் சனோபர்