போன வருஷத்துப் பொட்டு

புரட்டாசி, சரஸ்வதி பூஜை இரவு.

நூலகச் செயலாளர் இன்று பழைய ஓலைச்சுவடிகளைப் பூஜை மேசையில் அடுக்கி, சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். சுவடிகளைப் பராமரிக்கும் நான் அத்தனையையும் அள்ளி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

"சரஸ்வதிக்கே பொட்டு வைக்கக் கூடாதாம்மா?" என்றார், எல்லோர் முன்னாலும்.

"போன வருஷம் நீங்க வெச்ச பொட்டு பூஞ்சை பிடிச்சு, நன்னிலத்து வாய்க்கால் கணக்கு எழுதின ஏட்டுல ஒரு வரியே போயிடுச்சு சார்."

"கமிட்டியில சொல்றேன்."

"சொல்லுங்க."

சுவடி துடைக்கும் என் தூரிகையை மேசையில் வைத்தேன். "இதுக்கு எவ்வளவு வேணும்னாலும் வைங்க."

முறைத்துக்கொண்டே தூரிகைக் காம்பில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.

நாளை விஜயதசமி. கமிட்டி என்ன சொன்னாலும் சரி, அந்தத் தூரிகையை எடுத்து, முதல் வேலையாக அவருடைய போன வருஷத்துப் பொட்டைத்தான் துடைக்கப் போகிறேன்.