இடுப்புச் சாவி

காரமடை
12.6.1986

அன்புள்ள மாமாவுக்கு,

பாப்பா நலம். நானும் நலமென்று எழுதக் கை வரவில்லை. மலையில் மழை என்று ரேடியோவில் கேட்டாலே, தேயிலை ஃபேக்டரித் தரை ஈரமாக இருக்குமே, இலை அரைக்கும் ரோலர் ஓடுமே, அந்த நேரம் பார்த்து உங்களுக்கு வலிப்பு வந்துவிட்டால் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நம்ம ஊட்டில் வலிப்பு வந்தபோது பக்கத்தில் நான் இருந்தேன். அங்கே யார் இருப்பார்கள்? மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள் மாமா.

இன்னொன்று. பேர் வைக்க வந்த நீங்கள் பிள்ளையைக் கையில் வாங்கவே இல்லை. "பொட்டப் புள்ளைன்னு மாப்பிள்ளைக்குச் சடவு" என்று அம்மா சாடை பேசுகிறாள். எனக்கும் அழுகையாக வருகிறது.

வேலாமணி


கீழ் கோத்தகிரி
18.6.1986

அன்பு வேலாமணிக்கு,

காலேஜ் படித்தவளுக்கு இத்தனை பயமா? என்னோடு ஃபேக்டரியில் இருந்த சுடலைமணி நெஞ்சுவலி என்று பழைய மேனேஜரிடம் வாயைத் திறந்தான். வேலையும் போச்சு, எஸ்டேட் ஊடும் போச்சு. நானும் சொல்லிவிட்டு உங்களை எங்கே குடிவைப்பேன்? மாத்திரையை ஒளித்துத் தின்கிறேன். சில நாள் மறந்தும் போகிறது. இடுப்பில் இரும்புச் சாவி கட்டியிருக்கிறேன். வலிப்பு வந்தால் அதை என் கையில் கொடுக்கும்படி கூட வேலை செய்யும் நஞ்சப்பனிடம் மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். நீ பேசாமல் இரு.

நல்லசாமி


காரமடை
23.6.1986

மாமாவுக்கு,

சாவியை நம்பியா ரோலர் பக்கம் நிற்கிறீர்கள்? ரோலர் ஓடும்போது நஞ்சப்பண்ணன் மிஷினை நிறுத்துவாரா, உங்கள் இடுப்பில் சாவியைத் தேடுவாரா? புது மேனேஜர் ஜஸ்டஸ் ஐயாவுக்கு நானே எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. ஊடு போனால் போகட்டும் என்று எழுதவும் தைரியமில்லை. திட்டுவதானால் திட்டுங்கள். திட்டுவதற்கு நீங்கள் இருக்க வேண்டும்.

வேலாமணி


கீழ் கோத்தகிரி
9.7.1986

வேலாமணிக்கு,

கோபத்தில் இத்தனை நாள் எழுதவில்லை. மேனேஜர் கூப்பிட்டதும் கணக்கு முடிக்கத்தான் என்று போனேன். உட்காரச் சொன்னார். "உட்கார்ந்து செய்ய என்னென்ன வேலை தெரியும், நல்லசாமி?" என்றார். இலை எடை போடும் கொட்டகைக்கு மாற்றிவிட்டார். சம்பளம் குறையவில்லை, நைட் ஷிஃப்ட் இல்லை. ஊடும் அதேதான். டாக்டரைப் பார்க்கக் குன்னூருக்கு லீவு கொடுத்து அனுப்பினார்.

"ஆளுககிட்ட நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார். நானே சொன்னேன். இரும்பு வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். "இத்தன நாளா உன்ற இடுப்பையே பார்த்து என்ற கண்ணு பூத்துப் போச்சு" என்றான் நஞ்சப்பன். எல்லோரும் சிரித்தார்கள். சாவியை அவிழ்த்துவிட்டேன்.

பிள்ளையை வாங்காதது பொட்டப் பிள்ளை என்பதால் இல்லை. நின்றபடி வாங்கி, அந்த நேரம் வலிப்பு வந்து கீழே போட்டுவிட்டால்? இதை உன்னிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

நல்லசாமி


காரமடை
14.7.1986

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறோம். எனக்குப் பயம் போகவில்லை. பிள்ளையோடு அதுவும் வளருமோ என்னவோ. நடு ஊட்டில் பாயை விரித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருங்கள். பாப்பாவை உங்கள் மடியில் வைக்கிறேன். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

உங்கள்
வேலாமணி