ஏழாவது குழி

சம்பந்தியம்மா,

ஆறின கஞ்சி வாடை கையை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. நாளைக்கு வீசவேண்டிய மிச்ச விதை உளுந்தில் நுண்ணுயிர் உரத்தைக் கஞ்சியோடு சேர்த்துப் பிசறி, கூடத்துச் சாக்கில் நிழலில் உலரப் பரப்பிவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். போன தையில் இதே கையோடு உங்களுக்குப் போன் செய்தபோது, "கழுவிட்டுப் பேசுங்க, மன்னார்குடி வரைக்கும் அடிக்குது" என்றீர்கள். இன்றும் போனை எடுத்துவிட்டேன். உங்கள் பேர் வரைக்கும் விரல் போன பிறகுதான், ஐப்பசி மழையில் உங்களைக் கடைசியாக வழியனுப்பிவைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. அழவில்லை. விளக்கை ஏற்றிவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். பேசாமல் இருக்க என்னால் ஆகாது என்று உங்களுக்குத் தெரியாதா?

நாம் பல்லாங்குழி ஆடிய அந்த வருஷம் நம் உமாவுக்குத் தலை ஆடி. முறைப்படி இங்கே அழைத்து வந்திருந்தோம். பதினெட்டாம் பெருக்கன்று தாலி பிரித்துக் கோர்ப்பதற்கு நீங்களும் வந்தீர்கள். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் இவர் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு படுத்திருந்தார். வயலை நான் பார்ப்பதா, குத்தகைக்கு விடுவதா என்று வீட்டில் ஒரே பேச்சு. இவர் தம்பி, என் கொழுந்தன், தினம் வந்து நிற்பான்.

"அண்ணி, நீங்க கோயில் குளம்னு இருக்கிறவங்க. உங்களுக்கு எதுக்கு இந்தச் சேறு? என்கிட்ட விடுங்க. தை பொறந்தா மூட்டையைக் கொண்டாந்து வாசல்ல எறக்கிடறேன்."

கெட்டவன் இல்லை அவன். ஆனால் குத்தகைக்குப் போன வயலில் நமக்கு என்ன வேலை? வாக்கப்பட்டு வந்த வருஷத்திலிருந்து நான் நாற்று நட்ட வயல். இனி அதை வரப்பில் நின்று விருந்தாளி மாதிரிப் பார்த்துவிட்டு வரவேண்டுமா? அதை யாரிடம் சொல்ல? உங்களிடம் கண்டிப்பாக முடியாது. பெண் கொடுத்த இடத்தில் நம் கைச்சுருக்கத்தைக் காட்டினால், நாளைக்கு ஒரு பேச்சு வரும்போது என் மகள் அல்லவா தலைகுனிய வேண்டும். அதனால் அன்றைக்குக் கதம்ப சாதமும் பாயசமும் வடையுமாக அமர்க்களப்படுத்தினேன்.

உள்ளே சுமங்கலிகள் கூடிச் சடங்கு நடந்தபோது, சம்பந்தி ஐயா போன பிறகு உங்களுக்கிருந்த வழக்கப்படி நீங்கள் கூடத்து மூலையில் தள்ளி உட்கார்ந்தீர்கள். அந்த மூலையில்தான் உரக்கடைக்காரர் சொல்லி நான் வாங்கி அடுக்கியிருந்த யூரியா மூட்டைகளும் மருந்துப் பாட்டில்களும் இருந்தன. நான் வெளியே வந்ததும் கேட்டீர்கள்:

"சம்பந்தியம்மா, இன்னும் நாத்தே விடலை. அதுக்குள்ள பூச்சிக்கு மருந்து வாங்கி வெச்சிருக்கீங்க. பூச்சி வரணும்னு ஏதாவது வேண்டுதலா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. குத்தகைப் பேச்சை உமா உங்கள் காதில் போட்டிருக்க வேண்டும். மாலையில் உமா பல்லாங்குழியை எடுத்து வைத்தாள். ஆட்டத்தில் என்னைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, கை நிறையப் புளியங்கொட்டையோடு நிமிர்ந்தீர்கள்.

"நாம ரெண்டு பேரும் கணக்குப் பேசக்கூடாது. விளையாடலாம், தப்பில்ல. ஒரு கொட்டை ஆயிரம் ரூபான்னு வெச்சுக்குங்க. இந்தாங்க, சம்பாவுக்கு உங்க கையில எவ்வளவு இருக்கோ அவ்வளவு எடுத்துக்குங்க. குழி குழியாப் போடுங்க பாப்போம்."

என் பக்கத்துக் குழிகளில் உழவு, விதை, நடவு, களை, உரமும் மருந்தும், அறுப்பு என்று போட்டுக்கொண்டே வந்தேன். ஆறு குழி நிறைந்தது. கையும் காலியாகிவிட்டது. ஏழாவது குழி மட்டும் வெறுமனே இருந்தது.

"அது சாமிக்கு. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கணும்ல" என்றேன்.

"சாமி அறுப்பு வரைக்கும் பொறுத்துக்குவார். இது உங்க கூலி."

"என் வயலுக்கு எனக்கே கூலியா? நல்லா இருக்கே கதை!"

"உங்க கொழுந்தனார் தண்ணி கட்ட ஆள் வெச்சா சும்மாவா வருவான்? நீங்க காலையில போயி மடை திறந்து, களை பாத்து, எலி விரட்டிட்டு வர்றீங்களே, அது மட்டும் கோயில் கைங்கரியமா?"

கட்டிலிலிருந்து இவர் குரல் வந்தது: "கேளுங்க சம்பந்தியம்மா, நல்லாக் கேளுங்க. நாளைக்கு என்கிட்டயும் பாக்கி கேப்பா."

கைக்கொட்டை தீர்ந்துவிட்டதால் ஏழாவது குழிக்கு எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். ஒவ்வொரு குழியாகப் பார்த்தோம். மருந்துக் குழிதான் வயிறு புடைத்துக் கிடந்தது. "வரப்புல நின்னு பாத்துட்டு மருந்து வாங்காதீங்க. நடு வயலுக்குள்ள போயி, நெல்லுக் குத்தைப் பிரிச்சு, தூர்ல பூச்சி இருக்கான்னு பாத்துட்டு, தேவைன்னா வாங்குங்க" என்று சொல்லி அதிலிருந்து அள்ளிப் போட்டீர்கள். மறுநாள் பாட்டில்களைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த மனுஷன் முகம் போன போக்கு இருக்கிறதே, அதை விடுங்கள்.

எதிர்ப்பக்கத்தில் வரவைப் போட்டோம். என் கூலியைக் கழித்துவிட்டுப் பார்த்தால், குத்தகைக்கு விடுவதும் நானே செய்வதும் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றது. எனக்கு முகம் விழுந்துவிட்டது. நீங்கள்தான் மெதுவாகக் கேட்டீர்கள், அறுப்புக்குப் பிறகு வயலில் என்ன போடுகிறீர்கள் என்று. "ஆடு மாடு மேயும்" என்றேன்.

"உளுந்து போடுங்க. குத்தகையா சொந்தமாங்கிறதை அந்த உளுந்து சொல்லட்டும்."

கொழுந்தனிடம் பங்குனி வரை பொறுக்கச் சொல்லிவிட்டேன். சம்பா நன்றாகவே வந்தது. குத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் ஒரே ஒரு தடவைதான் மருந்து அடிக்க வேண்டியிருந்தது. தை வந்தது. கதிர் சாயும் நேரத்தில், அறுப்பதற்கு முன்பே, நிற்கிற பயிருக்குள் உளுந்தை வீச வேண்டும். ஈரம் காய்ந்தால் முளைக்காது, தண்ணீர் நின்றால் அழுகிவிடும். மண் பதமாக வந்த அன்றைக்கா அஷ்டமி வரவேண்டும்? மறுநாள் நவமி. எனக்குக் கை கால் ஓடவில்லை. உங்களுக்குப் போன் செய்தேன்.

"மண்ணு எப்படி இருக்கு?"

"கால் வெச்சா தடம் பதியுது. தண்ணி ஊறல."

"அப்ப இன்னைக்குத்தான்."

"அஷ்டமியில எப்படிங்க விதைக்கிறது? என் மனசு ஒப்பாது."

நாள்காட்டித் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னீர்கள்: "நேத்து நல்ல நாள்தானே? நான் என் வயலுக்கு விதைக்கும்போது ஈசானி மூலையில உங்க பேரைச் சொல்லி ஒரு பிடி போட்டுட்டேன். உங்க விதைப்பு நேத்தே ஆரம்பிச்சாச்சு. மிச்சத்தைப் போய் வீசுங்க."

பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வீசினேன். கொழுந்தன் நாள் பார்த்துத் தசமியில் விதைத்தான். அதற்குள் வெயில் ஏறி அவன் வயல் வெடித்துவிட்டது, அங்கங்கே சொட்டை விழுந்தாற்போல முளைத்தது. என் வயலோ பச்சைப் பாய் விரித்தது. பங்குனியில் உளுந்தை அடித்து அள்ளிய அன்று அவனே வந்து ஒரு கை எடுத்து முகர்ந்து பார்த்தான். "அண்ணி, குத்தகைப் பேச்சை விடுங்க. எந்த நாள் பாத்து விதைச்சீங்க, அதைச் சொல்லுங்க" என்றான். "அது எங்க சம்பந்தியம்மாவுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஏழாவது குழிப் பணத்தை நான் வேறெதற்கும் தொடவில்லை. இவருக்கு அறுபது நிறைந்தபோது திருக்கடையூரில் மாலை மாற்றிக்கொண்டோமே, அது என் கூலியில் நடந்தது. குச்சியை ஊன்றிக்கொண்டு இவர் உங்களிடம், "முதலாளியம்மா எனக்கு ரெண்டாங் கல்யாணம் பண்ணி வெச்சிட்டாங்க" என்று சொல்ல, நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தீர்கள். அன்று உங்களை மூலையில் உட்கார விடவில்லை, ஞாபகம் இருக்கிறதா? கையைப் பிடித்து முன்வரிசைக்கு இழுத்து வந்துவிட்டேன்.

இப்போது எங்கள் மகளிர் குழுப் பெண்கள் ஆடியில் சம்பாக் கணக்குப் போட என் வீட்டுக் கூடத்தில்தான் உட்காருகிறார்கள். பல்லாங்குழியைச் சுற்றி ஒரே கூச்சல். ஒவ்வொருத்தியும் ஏழாவது குழி வந்ததும் சிரிக்கிறாள், நான் சிரித்த மாதிரியே. இன்றைக்கு அடுத்த வயல்காரி செல்வி போன் செய்தாள்.

"அத்தை, மண்ணு பதமா இருக்கு. ஆனா கரிநாளாமே, என்ன பண்றது?"

"நேத்தே உன் பேரைச் சொல்லி ஒரு பிடி போட்டுட்டேன்டி. போய் மிச்சத்தை வீசு" என்றேன்.

சாமி சத்தியமாக நான் போட்டேன் சம்பந்தியம்மா. நேற்று ஈசானி மூலையில் முதல் பிடி உங்கள் பேரில், அடுத்தது அவள் பேரில். உங்களிடம் ஒன்றைக் கேட்க எனக்கு வாய் வரவே இல்லை. அந்த அஷ்டமிக்கு முதல் நாள், நீங்களும் நிஜமாகவே போட்டீர்கள்தானே?