சைரனும் ஈரத் துண்டும்

செவ்வாய், இரவு.

வாயுக் கசிவு எச்சரிக்கை மென்பொருளுக்கு நான் எழுதிய விதிகளை இன்று ஆலையில் சோதித்தேன். ஒரு தகவல் கொடுத்தால் போதும். யாரும் கேட்காமலே மென்பொருள் விதிக்கு விதி தாவி முடிவுக்குப் போய்விடும். ‘வாயு கசிகிறது’ என்று பொய்த் தகவல் கொடுத்தேன். சைரனைத் துண்டிக்க மறந்த மண்டு நான். எண்ணூரே அலறியது.

சற்று நேரத்தில், எர்ணாவூரிலிருந்து ஓடிவந்த என் வீட்டுக்காரர் ஈரத் துண்டோடு ஆலை கேட்டில் நின்றார்.

“சைரன் அடிக்குது. நீ போன் எடுக்கல. அப்போ உள்ள மாட்டிகினு கீறன்னுதானே அர்த்தம்?”

“சும்மா டெஸ்ட்டுய்யா.”

“டெஸ்ட்டோ இன்னாவோ, மொதல்ல மூக்கப் பொத்து.”

அவர் தர்க்கத்தில் பிழையே இல்லை. முதல் தகவல்தான் பொய், அதுவும் என்னுடையது. ஆனால் சைரன் கேட்டால் ஆலையை விட்டு விலகி ஓடு என்பதுதான் விதி. இந்த மனுஷன் எந்த விதிப்படி ஆலையை நோக்கி ஓடிவந்தார்?

கேட்கலாமென்றால் தூங்கிவிட்டார். துண்டு கொடியில் இன்னும் சொட்டுகிறது.