எட்டடிச் சுவர்

செப்டம்பர் 22
நைட் டியூட்டி முடிந்து வந்து படுத்தால் அடுத்த வீட்டில் இரும்பு அறுக்கும் சத்தம். ஜெக்கரியா பாய் துபாயிலிருந்து திரும்பிக் கொல்லையில் கிரில் பட்டறை போட்டதிலிருந்து எனக்குப் பகல் தூக்கம் போச்சு. நேற்று வார்டில் ஊசி மருந்தை மாற்றி எடுத்துவிட்டேன். கூட இருந்த நர்ஸ் பார்த்ததால் அந்த நோயாளி பிழைத்தார். பஞ்சாயத்தில் மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. பாயின் மனைவி நூர்ஜஹான் என்னிடம் பேச்சை நிறுத்தியதுதான் மிச்சம். என் வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டார்: கிளுவை வேலியை எடுத்துவிட்டு எட்டடிக்குச் சுவர்.

அக்டோபர் 9
கொத்தனார் பில்லர் போடச் சொன்னார். மழைக்கு முன் முடியவேண்டும், அதெல்லாம் வேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டார். நம்ம களிமண்ணுக்கு இது தாங்குமா? நானும் கேட்கவில்லை. எனக்குத் தூக்கம் வேண்டும்.

அக்டோபர் 21
சுவர் முடிந்தது. சத்தம் பாதிகூட இல்லை. சாயங்காலம் வரை தூங்கினேன்.

நவம்பர் 15
விடாத மழை. கொல்லையில் தேங்கிய தண்ணீர் வடியவே இல்லை. கொஞ்சம் விட்டதும் துணி காயப்போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். சுவர் அந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அடியில் கை நுழையும் அளவுக்கு மண் கரைந்திருக்கிறது. இவரிடம் காட்டினேன். குனிந்து அடியில் கையை விட்டுப் பார்த்தார்.

"வெயில் வரட்டும், பாத்துக்கலாம். அவங்ககிட்ட வாயத் திறக்காத."

அவருக்கும் பயம்தான். பாய் உட்கார்ந்து வெல்டிங் வைப்பது அந்தச் சுவரை ஒட்டித்தான்.

நவம்பர் 16
இவர் வெளியே போனதும் போய்ச் சொல்லிவிட்டேன். நூர்ஜஹான் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. பாய் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"மனு குடுத்துப் பாத்தீங்க, சுவர் வச்சுப் பாத்தீங்க. இப்ப அது விழும்னு சொல்லிப் பட்டறைய மூட வைக்கப் பாக்குறீங்களாம்மா?"

கோபம்கூட இல்லை. அலுப்பு. அவர் பக்கம் சுவரை மறைத்துக் கிரில்களை அடுக்கியிருந்தார், சாய்வு தெரியவில்லை. நான் என்ன சொன்னால் நம்புவார்?

நவம்பர் 18
மழை. மெஷின் சத்தத்தைக் கேட்டபடியே படுத்திருந்தேன். அது நிற்கும்போதெல்லாம் எழுந்து கொல்லைக் கதவைத் திறந்து சுவரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 19
விழுந்துடுச்சு. ஓடினேன். பாயின் இடது கால் கல்லுக்கு அடியில். நானும் இவரும் நூர்ஜஹானும் கல்லை இழுத்துப் போட்டோம். துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினேன். தஞ்சாவூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

நவம்பர் 22
முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம்.

நவம்பர் 24
நாளை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"மழையில விழுந்துச்சு, முன்னாடி எதுவும் தெரியாது. இதத்தான் ரெண்டு பேரும் சொல்லணும். என்னை ஜெயில்ல பாக்கணுமா உனக்கு?"

என்ன பண்றது நான்? கெட்ட மனுசன் இல்லையே. எனக்காகத்தானே கட்டினாரு—

நவம்பர் 25
தெரியும் என்று எழுதிக் கொடுத்தேன். சாய்ந்ததை இவரிடம் காட்டியது, வாயைத் திறக்காதே என்றது, நான் போய்ச் சொன்னது, எல்லாம். இவரை உள்ளேயே உட்கார வைத்துவிட்டார்கள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

தனியாக மன்னார்குடி வந்து ஊர் பஸ்ஸில் ஏறினேன். நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து சீட்டில் நூர்ஜஹான். ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வருகிறார் போல. என்னைப் பார்த்தார். கையை நீட்டி என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.