தெருப் பயல்கள் ஊற்றும் கஞ்சி

1965, ஐப்பசி. செவ்வாய் இரவு.

இன்று முதியோர் பென்ஷன் விசாரணைக்காகச் சித்தையன்கோட்டை போயிருந்தேன். முக்கியமான கேள்வி ஒன்றுதான். கஞ்சி ஊற்ற ஆண் பிள்ளை இருக்கிறானா? இருந்தால் பென்ஷன் கிடையாது. வீட்டுக்கு வீடு ஒருவன் இருந்தான். தெருக்கோடியில் காளியப்பன் என்ற கிழவர் மட்டும், "ஒத்தப் பொட்டப்புள்ளதான் சாமி, கட்டிக் குடுத்தாச்சு" என்றார். பென்ஷன் கிடைத்துவிடும் என்றேன்.

"இது யாரு பணம் சாமி?"

"எல்லாரும் கட்டுற வரிதான் பெரியவரே."

அப்போது குடும்பக் கட்டுப்பாட்டு வண்டி ஒலிபெருக்கியோடு வந்தது. பின்னாலேயே தெருப் பிள்ளைகள் ஓடினார்கள். கிழவர் அவர்களைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப இந்தப் பயலுகதான் நாளைக்கு எனக்குக் கஞ்சி ஊத்துவாய்ங்க."

இரண்டு பிள்ளை போதும் என்று வண்டி கத்தியது. அவர் முகம் சுண்டிவிட்டது.

"அந்த வண்டியச் செத்த நேரம் நிறுத்தச் சொல்லுங்க சாமி. ஊத்தப் போறவன பொறக்கவே விடமாட்டாய்ங்க போலருக்கே."

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

போன மாதம்தான் நானும் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டேன். எங்களுக்கும் ஒரே பெண். ராத்திரி சோறு போட்ட என் மனைவி சரோஜாவிடம் கிழவர் சொன்னதைச் சொன்னேன். "உங்களுக்குத்தான் சர்க்கார் பென்ஷன் இருக்குல்ல, பெறகென்ன?" என்றாள். அதற்கான வரியையும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே கட்ட வேண்டும்? ஆஸ்பத்திரி மருந்துக்கும் அவர்கள்தானே? ஒரு தெரு முழுக்க 'பிள்ளை இல்லை' என்று சொல்கிற காலம் வந்தால், விசாரிக்கப் போகிறவன் என்ன செய்வான்?

நாளை அந்த வண்டி எங்கள் தெருவுக்கு வருகிறது. கூடவே போய் ஆள் சேர்க்கும்படி எனக்கு உத்தரவு.